முகப்பு

வீட்டுக்குள் இருப்பவனுக்கு
வீட்டின் முகம் தெரிவதில்லை.
தரகர் மார்லா ப்ரூவர் என் முழங்கையைப் பிடித்துச்
சாலையைக் கடக்க வைத்தாள்.
எதிர்வீட்டு அஞ்சல்பெட்டியருகே நிறுத்தி
"இப்போது பாருங்கள்" என்றாள்.

பார்த்தேன்,
இருபத்தெட்டு வருடம் அங்கே தூங்கியவன்.
ஒரு ஜூனிப்பர் புதர்.
அதன் தோளுக்கு மேல்
எட்டிப் பார்க்கும் ஒரு கூரை.

"வாங்க வருகிறவர்கள்
காரின் எஞ்சினை அணைக்கும் முன்பே
முடிவெடுத்துவிடுவார்கள்.
இதை எடுத்துவிடுங்கள்."
பல் பிடுங்கச் சொல்வதுபோல்
சாதாரணமாகச் சொன்னாள்.

சனிக்கிழமை மச்சான் ராஸ்கோ
டேட்டனின் மறுகோடியிலிருந்து டிரக்கோடு வந்தான்.
நாங்கள் குடிவந்தபோதே இடுப்பளவு நின்ற புதர்.
தூரில் சங்கிலி சுற்றி
மூன்று முறை இழுத்தோம்.
முதல் இழுப்பில் பம்பர் முனகியது,
இரண்டாவதில் நான் விழுந்தேன்,
மூன்றாவதில்
மண் வாயைத் திறந்தது.

உள்ளே செய்தித்தாள்கள்.

சுருட்டி ரப்பர் வளையம் போட்டவை.
சில மக்கி, மண்ணா தாளா என்று தெரியாமல்.
சில, மழைநாளின் ஆரஞ்சு உறைக்குள்
அப்படியே.
ஜோரீன் கையுறையைக் கழற்றிவிட்டு எண்ணினாள்.
பதினேழு.
பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியதைப் பதினேழு முறை
நானே தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன்:

"இன்றும் பேப்பர் வரவில்லை."

கடைசி முறை அலுவலகப் பெண் தயங்கினாள்.
"டெஸ்மண்ட் ஃப்ரை பொய் சொல்கிற பையன் இல்லையே, சார்."
"அப்படியென்றால் நான் சொல்கிறேனா?" என்றேன்.
மறுவாரம் வேறு சைக்கிள் வந்தது,
வேறு மணியோசை.
நான் ஜெயித்துவிட்டதாக
அன்று காபி கூட ருசியாக இருந்தது.

அவன் சரியாகத்தான் எறிந்திருக்கிறான்.
நிற்காமல், ஒற்றைக் கையில்,
பனியிலும்.
புதர்தான் தின்றிருக்கிறது.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது.
பேச்சு குறைந்தால் வேலை நடக்கும்.
பாதை ஓரத்துக்கு ஆற்றுக்கல்,
எட்டு மூட்டை மரத்தூள்,
லாவெண்டர், குட்டைப் புல்.
"முழங்காலுக்கு மேல் வளரும் எதுவும் வேண்டாம்"
என்றாள் ஜோரீன், நாற்றுக்கடைக்காரியிடம்,
காரணம் சொல்லாமல்.
கதவுக்கு நீலம் அடித்தோம்.
சிவப்புதான் என் விருப்பம்.
கேட்கும் நிலையில் நான் இல்லை.

படம் பிடிப்பவன் அந்தி நேரத்தில் வந்தான்.
எல்லா விளக்கையும் போடச் சொன்னான்.
குப்பைத்தொட்டி பின்புறம் போயிற்று,
கார் பக்கத்துத் தெருவுக்கு.
அவன் திரையில் காட்டிய வீட்டில்
யாருமே யார்மீதும்
ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.
"அழகு" என்றான்.
அழகாகத்தான் இருந்தது.

தொலைபேசிப் பட்டியலில் மூன்று டெஸ்மண்ட் ஃப்ரைகள்.
ஒருவர் பல் மருத்துவர்.
எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.
என்னவென்று ஆரம்பிப்பது?

எல்லோரும் போன பிறகு
கராஜில் காயவைத்ததில்
கெடாத ஒன்றை எடுத்துக்கொண்டேன்.
தொண்ணூற்றேழு, பிப்ரவரி.
புது ரப்பர் வளையம் போட்டேன்.
சாலைக்குப் போய்,
சைக்கிள் வேகத்துக்கு ஓட முடியாததால்
கொஞ்சம் வேகமாக நடந்து,
நிற்காமல் எறிந்தேன்.
தோள்பட்டை கிளிக் என்றது.

லாவெண்டரைத் தாண்டி, கல்லைத் தாண்டி,
தாள் நீலக் கதவில் மோதி
மிதியடியில் விழுந்தது.

ஜோரீன் கதவைத் திறந்தாள்.
குனிந்து எடுத்தாள்.
வாசல் விளக்கடியில் அதை விரித்து
மெதுவாக, மேலிருந்து கீழே, படித்தாள்.

"நாளைக்குப் பனி பெய்யுமாம்" என்றாள்,
ஏப்ரல் மாதக் காற்றில்
கைச்சட்டையை இறக்கிவிட்டபடி.