எட்டின் மேல் ஒன்பது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில்
பித்தளை விலைக்கு நிறுத்து வாங்கியது,
ஒரு பெயிண்ட் டப்பா நிறைய
கனடா நாட்டு சென்ட்.
"மலேயாக் காசும்மா, எங்கயும் செல்லாது"
என்றார் கடைக்காரர்.
நான் திருத்தவில்லை.
திருத்தினால் விலை ஏறும்.

தேவகோட்டையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு
பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் செருகுகிறேன்.
காலையில் யாரோ ஒருத்தியின் கழுத்திருவை
உரசி, நிறுத்து, தரம் சொன்ன கண்.
பகலில் அது கூட்டுறவு வங்கிக்கு.
ராத்திரி எனக்கு.

ராணி இடப்பக்கம் பார்க்கிறாள்.
தலையைச் சுற்றி ஓடும் எழுத்தில்
என் பெயரும் இருக்கிறது: ரெஜினா.
லத்தீனில் அரசியாம்.
புளியால் கோவிலில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர்
ரேஷன் கார்டில் ரெஜினாள்,
ஆதாரில் ரெஜீனா,
சம்பளச் சீட்டில் ரிஜினா.
ஓர் அச்சில் அடித்தது போல் இரண்டு இல்லை.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று மட்டும்
நாற்பத்தாறு காசு.
பின்பக்கம் கொடி, பதினாறு இலை.
இலை நுனி விளிம்பு மணியைத் தொடப் போகிறதா,
இல்லை, முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர் போல
ஒதுங்கி நிற்கிறதா?
தொடப் போனால் பெரிய இலை.
ஒதுங்கினால் சின்ன இலை.
அப்புறம் தேதி; அதிலும் பெரிசு, சின்னது.
பெரிய இலைக்குப் பெரிய தேதி, குவியலாய்.
சின்ன இலைக்குச் சின்னத் தேதி, ஒரு கை.
பெரிய இலைக்குக் கீழே சின்னத் தேதி
ஒன்று வந்தால் போதும்,
ஸ்கூட்டர் கடன் முடியும்.

வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தேன்.
உட்கார்ந்து மறுபடி பார்த்தேன்.
வெறும் தேய்மானம்.
எவர் மடியிலோ கிடந்து கிடந்து
எண் இளைத்திருக்கிறது.
அச்சு பிசகினால்
அதில் பிறந்த அத்தனை காசும் பிசகும்.
தேய்வது அந்தந்தக் காசின் பாடு.

மணி பதினொன்றரை.
மேசையில் ஒரு வெள்ளைத் தாள்
எட்டு மணியிலிருந்து கிடக்கிறது.
அதன் மேல் காசை வைக்காமல்
பார்த்துக்கொள்கிறேன்.

டப்பாவின் அடியில் ஒட்டிக்கிடந்தது இது.
ஐம்பத்தொன்பது; இதில் ராணி இளையவள்,
கூந்தலில் இலை மாலை.
கடைசி எண்ணின் வளைவுக்குள் ஏதோ மேடு.
விளக்கைச் சாய்த்தேன். இன்னும் சாய்த்தேன்.
ஒன்பதின் அடியில் எட்டு,
போர்வைக்குள் முழங்கால் மாதிரி.
போன வருஷத்து அச்சை வீசியெறிய மனசில்லாமல்
லண்டனில் எவனோ
எட்டின் தலையில் ஒன்பதைத் தட்டியிருக்கிறான்.
ஒரு தட்டு.
அதற்குத்தான் இன்று கூடுதல் விலை.

நகைப் பதிவேடு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
உஞ்சனை பூமயில், சங்கிலி ஒன்று,
ஒன்பது புள்ளி நான்கு கிராம்.
மகளுக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம்,
மறுநாள் கடைசி நாள்.
அந்த ஒரு கிராமை அவள் கேட்கவில்லை.
கவுன்ட்டரில் கை வைத்து நின்றாள், அவ்வளவுதான்.

இன்று மதியம் தணிக்கை.
என் லென்ஸையே கடன் வாங்கிப் பார்த்துவிட்டு,
துடைத்துத் திருப்பிக் கொடுத்து, அவர் கேட்டார்:
"எழுதும்போதே கை தவறிச்சா?
இல்ல, பிறகு மாத்தினதா?
காலையில எழுத்துல குடுங்க."

காசைச் சின்ன உறையில் போட்டேன்.
மேலே எழுதினேன்: 1859, எட்டின் மேல் ஒன்பது,
சந்தேகமில்லை.

பிறகு தாளை இழுத்தேன்.
ஐயா,
முதலில் இருந்தது எட்டு.
ஒன்பது என் கை.
வித்தியாசத் தொகையைச் சம்பளத்தில்
பிடித்துக்கொள்ளவும்.
சங்கிலியைத் தொட வேண்டாம், அது நல்ல தங்கம்.

கீழே, வங்கியில் உள்ளபடி,
ரிஜினா.