கடைவாய்

சோங்குல்தாக்கில் நவம்பர் என்றால்
கரியும் கடலும் ஒரே நிறம்.
ஹீட்டரை ஒட்டிய நாற்காலியில்
கோட்டைக்கூடக் கழற்றாமல்
உட்கார்ந்திருந்தாள் பெங்கிசு.
பதினேழு வயது. மடியில் மாதிரி வினாத்தாள் கட்டு.

"தலைவலி. காதுக்குள் குத்தல்.
கண் டாக்டர் பார்த்தாயிற்று, காது டாக்டர் பார்த்தாயிற்று,
மிச்சம் நீங்கள்தான்" என்றார் அம்மா
கடைசிப் பேருந்தைப் பிடித்தவர் போல.

வாயைத் திற என்றேன்.
இரண்டு விரல் நுழைவதற்குள் தாடை நின்றுவிட்டது.
விளக்கை இறக்கிக் கண்ணாடியைச் சாய்த்தேன்.
கடைவாயில்
மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை.
முப்பது வருடம் சுரங்கத்துக்குப் போன
என் மாமனாருக்கு அறுபதில் இருந்தன
இப்படிப்பட்ட பற்கள்.

இரவில் கடிக்கிறாயா?
தெரியாது என்றாள்.
தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்!
தம்பிதான் சொன்னானாம்,
சுவருக்கு அந்தப் பக்கம் எலி கொறிக்கிறதென்று.
அப்பா பொறி வாங்கி வைத்தாராம்.
பாலாடைக்கட்டி காய்ந்து கல்லாகியும்
ஒன்றும் விழவில்லையாம்.

சிரிக்கத் தொடங்கிய அம்மா
பாதியில் நிறுத்தினார்.
"ஜூன் வரைக்கும்தானே டாக்டர்.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று
நான்தான் தினமும் சொல்கிறேன்."

கொஞ்ச நேரம்
எச்சில் உறிஞ்சும் குழாய் மட்டும் பேசியது.

அந்த வார்த்தையைச் சொல்லாத வீடு இந்த ஊரில் இல்லை.
பிரசவத்துக்கு, வீட்டுக் கடனுக்கு,
இரவு ஷிப்டுக்கு, மாமியாருக்கு,
எல்லாவற்றுக்கும் அதே மருந்து.
நானும் அதை விழுங்கித்தான் டாக்டரானேன்.
இவள் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை.
பகல் போதாதென்று
தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எத்தனை மணிக்குப் படுக்கிறாய்?
ஒன்றரை.
கனவு?
"விடைத்தாளில் வட்டம் நிரப்புகிறேன்,
பென்சில் கோட்டைத் தாண்டிவிடுகிறது.
அழித்தால் தாள் கிழிகிறது."
வானிலை சொல்வதுபோல் சொன்னாள்.

புதினா மணக்கும் மாவைக் குழைத்து
அச்செடுக்க வைத்தேன்.
மூக்கால் மூச்சு விடு, அறுபது வரை எண்ணு.
இருபதுக்குள் தோள்கள் இறங்கின.
கண்ணில் நீர் வந்தது. மாவு தொண்டையில் பட்டால்
எல்லோருக்கும் வரும். நான் கேட்கவில்லை.

"இரவில் மாட்டிக்கொள்ள ஒரு காப்பு செய்து தருகிறேன்.
அது பல்லைக் காக்கும்,
கடிப்பதை நிறுத்தாது."

"அப்படியானால் எதைத்தான் நிறுத்துவது?"
அம்மா கேட்டது என்னைத்தான்.
வாய் நிறைய மாவோடு
பெங்கிசு பென்சிலை எடுத்தாள்.
வினாத்தாளின் பின்பக்கம்
ஒரே சொல் எழுதி நீட்டினாள்:
சனிக்கிழமை.

பொழுது விடியுமுன்
அவளைக் கொண்டுபோகும் வகுப்பு அது.
மூன்று தவணை கட்டியாகிவிட்டது என்று
பிறகு தெரிந்தது.

அம்மா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார்.
நான்காய் மடித்துக் கைப்பையில் வைத்தார்.
சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

வாசலில் மழை.
குடையை விரித்துவிட்டுத் திரும்பினார்.
"வீட்டுக்குப் போனதும்
முதலில் அந்தப் பொறியை எடுக்கச் சொல்ல வேண்டும்."