கேள்வி நேரம்

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள்.
பாடாங் செராய் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
பாதியில் பிள்ளைகள் தூங்கிப்போயிருந்தார்கள்.
மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை எனக்கு.
படத்தில் நொறுங்குகிற செம்பனை லோரி என்னுடையது,
அதனால் அந்த மரியாதை.

‘அரை டஜன் அடியாள்.’
பாதி சண்டை, பாதி சிரிப்பு.
கோலாலம்பூரிலிருந்து வந்த இயக்குநர்
“என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்” என்றார்.
சொல்லியிருக்கக் கூடாது.

முதலில் எழுந்தது ரெங்கநாயகி அக்கா.
“ஹீரோ குதிச்சுக் கொடியில தொங்குறானே,
அந்த ஊதாக் கைலி என்னோடது.
எட்டு மாசம் ஆச்சு.”

அடுத்து கவினேஷ், ஐந்தாம் படிவம்.
“பேருல அரை டஜன் இருக்கு.
ரெண்டு தடவ எண்ணிட்டேன் சார், அஞ்சுதான்.”
ஆறாவது அடியாளுக்கு டெங்கி;
படப்பிடிப்பு முழுக்க கூலிம் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.
போனில் மிரட்டுகிற குரல் அவனுடையதுதான்.
பின்னணியில் ‘டிங் டிங்’ என்று கேட்கிறதே,
அது இசையமைப்பாளர் போட்டதில்லை.

மண்டையில் உடைந்த பாட்டில் நிஜமா?
இல்லை, சீனிப் பாகு.
“அதான் மறுநாள் பூரா எறும்பு,”
வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஜெயகௌரி சொன்னாள்,
மைக் இல்லாமலே.

ஓய்வுபெற்ற கார்ப்பரல் சாமிதுரைக்குப்
போலீஸ் தொப்பியில் குறை, சல்யூட்டில் குறை.
“லூனாஸ் முச்சந்தியில திரும்புன லோரி
அடுத்த நொடி அஞ்சாம் நம்பர் தோட்டத்துல நிக்குது.
நடுவுல ஏழு மைலு. என்னய்யா பெட்ரோல் போட்டான்?”
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
“டீசல்,” என்றேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் எதிராஜ்.
“ரம்புத்தான் குவியல்ல அடியாளுங்க வழுக்கி விழறப்போ
பின்னால ஒருத்தன் கப்சாய்ல போறான்.
இடமிருந்து வலம். நீலப் பை.
அப்புறம் மறுபடியும் போறான், அதே இடமிருந்து வலம்.
எப்பதான் திரும்பி வந்தான்?”

இயக்குநரும் சிரித்தார். அது பிழைதானாம்.
இரண்டு டேக்,
நிறுத்தச் சொல்லிக் கத்தியும் நிற்காமல்
இரண்டிலும் புகுந்த ஆள்.
“யாரென்று எங்களுக்குத் தெரியாது.”

எங்களுக்குத் தெரியும்.
தகரக் கூரையில் மழை சட்டென விட்டதுபோல்
மண்டபம் ஓய்ந்தது.
எதிராஜுக்கும் அப்போதுதான் முகம் உறைத்திருக்க வேண்டும்,
நாற்காலியில் சின்னதாகிப்போனான்.
மரியதாஸ். சிங்கப்பூர் வேலை என்று போனவன்.
இரண்டு மாதம் பணம் வந்தது,
பிறகு போன் நம்பரும் மாறிவிட்டது.

ஐந்தாம் வரிசையில் செல்வராணி கை தூக்கவில்லை.
உள்ளங்கையை மட்டும் விரித்தாள்.
கொடுத்தேன்.

“மொதத் தடவ பாஸ்போர்ட்ட மறந்துட்டாரு.
கொல்லப்பக்கமா திரும்பி வந்தாரு, அது படத்துல இல்ல.
தண்ணி குடிச்சாரு.
ரெண்டாவதா போனதுதான்.”

மைக் கொஞ்சம் இரைந்தது.

“அத நான் கேக்க வரல.
ஹீரோ குதிச்சது எங்க வீட்டுக் கூரையிலேருந்து.
தகரம் பொத்தலாயிருச்சு.
ஒரு மழைக்காலம் பூரா வாளி வச்சேன்.
ஆணியடிக்க ஆள் வருமா?”

இயக்குநர் எதையோ குறித்துக்கொண்டார்.
பேனா திறந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் ஏணியை லோரியில் போட்டுக்கொண்டு போனேன்.
அங்கே ஏற்கெனவே ஒரு ஏணி.
கூரைமேல் நம் ஊர் அடியாட்கள்,
வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு
ஒருவனையொருவன் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவன் கால் வைத்த இடத்தில் புதுப் பொத்தல்.

கீழே ஏணியைப் பிடித்தபடி நின்றவன்
டெங்கிக்குப் பிறகு நன்றாகச் சதை போட்டிருந்தான்.
விரலை விட்டு எண்ணினேன்,
கவினேஷிடம் சொல்ல வேண்டும்.