பெருவழிக்கு மேற்கு

கன்னடியன் கால் பாலம் தாண்டி
ஒன்பது தூண் மிஞ்சிய மண்டபம்.
அதிர்வுமானி சென்னையில் இருக்கிறது;
கேட்டு எழுதி ஏழு வாரம்.
எதிரே பீர் மைதீனிடம் ஒரு தம்ளர் வாங்கி
விளிம்புவரை தண்ணீர் ஊற்றி
மண்டபத் தரையில் வைத்தேன்.

எண்பதடிக்கு அப்பால்
உருளை நடுங்கிக்கொண்டு வந்தது.
தண்ணீர் முதலில் சுளித்தது,
பிறகு வளையம் வளையமாய்,
பிறகு கல்லை நனைத்தது.
போதிகையிலிருந்து ஒரு பொட்டுச் சுண்ணாம்பு
நோட்டில் விழுந்தது. துடைக்காமல் மூடினேன்.

"எத்தனை மீட்டர் தள்ளணும், அதை மட்டும் சொல்லுங்க மேடம்."
உதவிப் பொறியாளர் ஞானசிகாமணி நல்ல மனிதர்தான்.
அவர் வரைபடத்தில் மண்டபம் ஒரு சின்னச் சதுரம்,
மின்கம்பமும் அதே அளவு.

அடிக்கல் வரிசையில் பாதி எழுத்து மண்ணுக்குள்.
கையால் வாரிப் பிரஷ் போட்டதும் வந்தது:
கீழெல்லை பெருவழிக்கு மேற்கு.
"பெருவழின்னா?"
நீங்கள் நிற்கிற இதுதான் சார்.
உப்பு வண்டி மாடுகள் மூச்சு வாங்க
எவனோ கட்டிவைத்த நிழல் இது.
ரோட்டுக்காகக் கட்டியதை
ரோட்டிடமிருந்து காப்பாற்ற
எனக்குப் பயணப்படி தருகிறார்கள்.

எழுதினேன்.
இருபது மீட்டர் கிழக்கே விலகுக.
நூறு மீட்டருக்குள் அதிர்வு உருளை கூடாது.
இயந்திரம் வேண்டாம், மண்வெட்டி போதும்;
எங்கள் ஆள் ஒருவர் உடனிருந்து பார்ப்பார்.
வடிகால் மண்டபத்தின் பக்கம் சாய வேண்டாம்.

கிழக்கே இருபது மீட்டரில்
பீர் மைதீனின் பஞ்சர் கடை.

தம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
குமிழி வரும் இடம் பார்த்தபடியே கேட்டார்:
"கல்லுக்குப் பேச நீங்க வந்துட்டீய.
எனக்கு யாரு வருவா?"
குரல் உயரவில்லை. குமிழி வந்தது.
விரலை அங்கேயே வைத்துக்கொண்டார்.

இந்தத் தன்மம் அழித்தவன்
கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் கொள்வான்
என்று முடிகிறது கல்.
என் கடிதம்
'நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்று முடியும்.
அதற்கு யார் பயப்படுவார்கள்.

ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன்:
கடைக்கு மாற்றிடம், வேலை தொடங்கும் முன்னே.
"இது உங்க துறை இல்லையே மேடம்."
இல்லைதான் சார்.
மேலே யாராவது சிவப்பு மையில் அடிப்பார்கள்.
கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டு
மூன்றாம் பிரதிவரை பதியும்படி
அழுத்தி எழுதினேன்.