மூன்றாவது ஆள்

எஸ்தர் மேடம் அறையில்
ஹீட்டரில் ஒரு கம்பிதான் எரிந்தது.
"உங்க கிளாஸில் எத்தனை பேர் ஆடுறாங்க?"
எல்லாரும் என்றேன்.
பெயரில்லாமல் வாங்கிய தாள்களைப் புரட்டினார்:
நாற்பத்தொன்றில் மூன்று.
ஒன்று நான்.
ஒன்று பெள்ளிராஜ், நான் பழக்கியவன்.

விட்டது எவ்வளவு?
ரூபாயில் சொன்னேன்.
"அதுக்கு எத்தனை ராத்திரி கேரட் கழுவணும்?"
கேத்தியில் விடியும்வரை
தண்ணீரில் மரத்த விரல்களை
மடக்கி எண்ணத் தொடங்கி
பாதியில் நிறுத்தினேன்.
மேடம் மிச்சத்தைக் கேட்கவில்லை.
இருபது நிமிடம் முடிந்திருந்தது.

சேரிங்கிராஸுக்கு இறங்கும்போது
பாக்கெட்டில் போன் அதிர்ந்தது:
இன்றிரவு மட்டும் ஐம்பது ரூபாய் போனஸ்.
கையுறையோடு தொட்டேன்.
கம்பளி விரலைத் திரைக்கு அடையாளம் தெரியவில்லை.
கழற்றலாம்.

கழற்றாமல், கேத்தி பஸ் வரும்வரை
நிறுத்தத்தில் குனிந்திருந்த முகங்களில்
அந்த மூன்றாவது ஆளைத் தேடினேன்.