முன்பணம்

இருபத்தெட்டுச் சதுர மீட்டர்,
புக்காரெஸ்டில் ஏழாம் மாடி.
கோர்னெல் நாடா பிடித்து இரண்டு தடவை அளந்தான்,
இரண்டாம் தடவை கூடிவிடும் என்பதுபோல.

கையில் அறுபது லெய்.
சந்தையில் பிளம்ஸ் பெட்டி நான்கு சும்மா கிடைத்தன,
கழுவியும் ஈ மொய்க்கிறது.
கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றினோம்;
அடியில் உருளைக்கிழங்கு, பனிக்கால பூட்ஸ்,
இருவருக்கும் வாசிக்கத் தெரியாத அக்கார்டியன்.
மடக்கு நாற்காலிகளை ஆணியில் மாட்டியதும்
சுவருக்கு விருந்தாளி வந்தமாதிரி இருந்தது.

மிச்சம் அந்த ஓக் அலமாரி.
மாமியார் விட்டுப்போனது; அறையில் கால்வாசி.
நானூறு லெய் என்று லிஃப்டில் எழுதி ஒட்டினேன்.
வந்தவர் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்,
ஐம்பது முன்பணம் தந்தார்.

வாசல் விடவில்லை.
நிமிர்த்தி, சாய்த்து, கதவையே கழற்றி,
கடைசியில் மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம்.
பிறகு இது எப்படித்தான் உள்ளே வந்தது?
நாளை ரம்பத்தோடு வருகிறேன் என்று போனார்.

மூன்று வாரம் ஆயிற்று.
அந்த ஐம்பதும் கொக்கிகளாகிவிட்டது.
அலமாரியிலிருந்து இறக்கியதெல்லாம்
ஜன்னலில், மடியில், குளியல் தொட்டியில்.
அலமாரி மட்டும் காலி.
"அடுத்தவன் சாமான், தொடாதே ஸ்மாராண்டா,"
என்கிறான் கோர்னெல், பீங்கான்களுக்கு நடுவே படுத்தபடி.
தூசு மட்டும் துடைக்கிறேன்,
எங்களுடையதாக இருந்தபோது துடைத்ததே இல்லை.

நேற்றிரவு அவன் குறட்டை தொடங்கியதும்
மேல் அறையில் உப்பு ஜாடியை ஒளித்துவைத்தேன்.
மெல்லச் சாத்தப் போனால்
மூலையில் ஏற்கெனவே
அவனுடைய சவரப்பெட்டி.