விளக்கு வைத்த பிறகு

என் பெயர் லுஸ்.
எங்கள் தீவில் அதற்கு வெளிச்சம் என்று பொருள்.
புதுவயலில் அப்படிக் கூப்பிட முடியாது என்று
விமானத்திலேயே சொல்லிவிட்டான் அடைக்கலம்.
சிரித்து முடித்த பிறகுதான் காரணம் சொன்னான்.
ஆகவே இங்கே நான் மிண்டா.
மாமியார் வாயில் மிந்தா.
தெருப்பிள்ளைகளுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது,
"லூசக்கா" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள்.
பெயரைச் சொன்னால் திரும்பத்தானே வேண்டும்,
திரும்புகிறேன்.

புழுங்கலரிசி எப்போது வெந்தது என்பது
சுற்றிலும் இத்தனை அரிசி மில் இருந்தும்
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
எங்கள் சோறு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்.
இந்தச் சோறு கை பட்டதும்
ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறது.
"என்ன வெஞ்சனம்?" என்று
பக்கத்து வீட்டுச் சுவர் தினமும் கேட்கிறது.
போனில் தேடினேன், அந்தச் சொல் அதில் இல்லை.
குத்துமதிப்பாக "மீன்" என்கிறேன்.
வெள்ளிக்கிழமையும் மீன் என்றேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மாடியில் துணி காய்கிறது.
மில்லில் நெல் அவித்தால்
உமிச்சாம்பல் வந்து உட்கார்கிறது வெள்ளைச் சட்டைகளில்.
எடுத்து மறுபடி அலசுகிறேன்.
"ஒதறிப் போடுங்க அண்ணி, போதும்" என்கிறாள் முத்தழகி.
உதறினால் போகிற அழுக்கும் உலகத்தில் உண்டு!

சிங்கப்பூரில் பதினோரு வருடம், மூன்று வீடுகள்.
கடைசி வீடு பதினான்காம் மாடி.
மேடம் தூங்கிய பிறகு கூடம் பெருக்கி,
சார் வந்த பிறகு மறுபடி சமையல்கட்டுப் பெருக்கி,
பன்னிரண்டு மணிக்கு என் கட்டிலை விரிப்பேன்,
இஸ்திரி மேசைக்கும் துணி அலமாரிக்கும் நடுவில்.
அங்கே ஆரம்பித்த நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது:
கண்ணாடி டம்ளர், நான்கு வெள்ளி.
ஜப்பான் சூப் கிண்ணம், பதினெட்டு வெள்ளி.
சம்பளத்தில் பிடித்தது போக மீதி.

இந்த வீட்டில் எனக்கு முன்பே தெரிந்த ஒரே பொருள்
தென்னை ஈர்க்குமாறு.
எங்கள் ஊரிலும் இதே ஈர்க்கு, இதே கட்டு.
விளக்குமாறு என்றார்கள்.
அதன் பெயருக்குள்ளும் ஒரு விளக்கு இருக்கிறதே என்று
கொஞ்சம் அதிகமாகவே பிரியம் வைத்தேன்.
விளக்கு வைத்த பிறகு அதைத் தொடக்கூடாது என்றார்கள்.
அப்படியானால் ராத்திரி வேலைக்கு
நான் என்ன செய்வேன் என்று கேட்டேன்.
யாருக்கும் கேள்வி புரியவில்லை.

ஆடிச் செவ்வாய், கரண்ட் போன நேரம்,
பீங்கான் கிண்ணம் கையை விட்டு நழுவியது.
இருட்டில் அதன் சத்தம்
அடுப்படியெல்லாம் தனித்தனியாய் ஓடி நின்றது.
முழங்காலில் விழுந்து, தடவிக்கொண்டே,
"சாரி மேடம்" என்றேன்.
மாமியார் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.
"எந்த மேடம் வந்திருக்கு?"
பிறகு டார்ச்சை என் கால் பக்கம் அடித்து,
"அசையாத. குத்திரும்" என்றார்.
நான் ஈர்க்குமாறைத் தேடினேன்.
"வெளக்கு வச்சாச்சுல்ல. காலையில பாத்துக்கலாம்."
துணி போடும் நீலக் கூடையைக் கொண்டுவந்து
சில்லுகளின் மேல் கவிழ்த்தார்.
"எத்தனை ரூபாய்?"
"எது?"
"அது."
"யாரு கண்டா? என்னைக்கோ வாங்குனது."

கரண்ட் வந்தது. எல்லோரும் தூங்கினார்கள்.
ஒரு வீட்டில் உடைந்த ஒன்று அப்படியே கிடக்க
நான் படுத்ததில்லை.
இரண்டு தடவை எழுந்தேன்.
இரண்டாம் தடவை கை ஈர்க்குமாறு வரை போய்விட்டது.
திரும்பி வந்து நோட்டை எடுத்தேன்,
தேதி போட்டேன்,
பீங்கான் கிண்ணம், ஒன்று.
தொகை எழுதும் இடத்தில் பேனா நின்றது.
அடைக்கலம் புரண்டு படுத்து,
"லைட்ட அமத்து, லுஸ்" என்றான்.

காலையில் மில் சங்கு எனக்குக் கேட்கவே இல்லை.
எழுந்தபோது ஏழரை.
கூடை அப்படியே இருந்தது.
எனக்காக விட்டுவைத்தார்களா, மறந்துபோனார்களா, தெரியாது.
மாமியார் அதைச் சுற்றி நடந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.
கூடையின் மேல் பூனை தூங்கியது.
ஈர்க்குமாறை எடுத்துக்கொண்டு
பக்கத்தில் உட்கார்ந்தேன்,
அது எழுந்திருக்கட்டும் என்று.